பின் சக்கரச் சத்தமும் 1,800 ரூபாயும்

காரின் பின் சக்கரத்தில் சத்தம் வந்தால், அது ஓட்டுகிறவர் காதுக்குத்தான் கடைசியாக வந்து சேரும். முன்னால் என்ஜின், ஏசி ஃபேன், பாட்டு என்று ஏற்கெனவே ஏகப்பட்டது ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் ஸ்விஃப்ட்டிலும் அப்படித்தான். பின்சீட்டில் உட்கார்ந்து வந்த அம்மாதான் செங்கல்பட்டு போகும் வழியில் சொன்னாள்: "ஏன்டா, பின்னாடி ஏதோ வண்டு மாட்டிக்கிட்ட மாதிரி சத்தம் வருதே, உனக்குக் கேக்கலையா?" பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டேன். இருந்தது. 40 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக ஆரம்பித்து, 60-ல் தெளிவாகி, 80-ல் பேச்சுக்கு நடுவே புகுந்துகொள்கிற ரீங்காரம்.

வண்டி 2012 மாடல், பெட்ரோல், எல்எக்ஸ்ஐ. பின்னால் டிரம் பிரேக். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் கிடையாது. இந்த விவரங்கள் கொஞ்சம் தள்ளித் தேவைப்படும்.

பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் காட்டினேன். வண்டியை லிஃப்டில் ஏற்றினார்கள், இரண்டு பின் சக்கரங்களையும் ஒரு சுற்று சுற்றினார்கள், எஸ்டிமேட் வந்தது. பேரிங்கோடு (சக்கரம் லேசாகச் சுழல உதவுகிற குண்டு வளையம்) சேர்ந்த டிரம் இரண்டு பக்கமும், டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூ ஒரு செட், "சேஃப்டிக்காக" பின் ஷாக் அப்சர்பர் ஒரு ஜோடி, கூலி, வரி. மொத்தம் 11,400 ரூபாய். எந்தப் பக்கம் சத்தம் வருகிறது என்று கேட்டேன். "ரெண்டையும் மாத்திட்டா எந்தப் பக்கம்னு பார்க்க வேண்டியதே இல்ல சார்" என்றார் அட்வைசர். அவர் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு மெக்கானிக்கை அரை மணி நேரம் சத்தம் கேட்க உட்காரவைப்பதைவிட, சந்தேகப்படுகிற அத்தனையையும் மாற்றிவிட்டால் வண்டி திரும்பி வராது. ஆனால் அந்த அரை மணி நேரம் என்னிடம் இருந்தது, 11,400 ரூபாய்தான் யோசிக்க வைத்தது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்துத் தேடுவது பெரும்பாலும் வீண். காரின் உடம்பு முழுக்கத் தகரம். வலது பின் சக்கரத்தில் பிறக்கிற சத்தம் சீட்டுக்கு அடியில் ஓடி இடது கதவில் வந்து ஒலிக்கும். அதை விட்டுவிட்டு, எதைச் செய்தால் சத்தம் மாறுகிறது, எதைச் செய்தாலும் மாறவில்லை என்று பார்த்தால் ஆசாமி சீக்கிரம் மாட்டுவான். இதற்கு ஸ்பானர்கூட வேண்டாம்.

முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள். சிரிக்காதீர்கள். ஸ்டெப்னி சரியாக இறுகாமல் இருப்பது, ஜாக்கி அதன் பள்ளத்திலிருந்து நழுவிக் கிடப்பது, எப்போதோ வாங்கிப்போட்ட தண்ணீர் கேன், இவைதான் பின்பக்கக் 'கடகட'க்களில் பாதி. மேடு பள்ளத்தில் மட்டும் வருகிற சத்தத்துக்கும் சக்கரம் சுற்றுவதற்கும் சம்பந்தமே கிடையாது. அது பெரும்பாலும் டிக்கி, ஷாக் புஷ், சைலன்சரைத் தாங்குகிற ரப்பர், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். வழுவழுப்பான சாலையில் வேகத்துக்குத் தகுந்தபடி ஏறி இறங்குகிற சத்தம்தான் சக்கரத்தின் சொந்தச் சத்தம்.

அப்புறம் டயரைக் கண்ணால் பாருங்கள். ஆணியோ ஜல்லியோ டயரின் வரிகளுக்குள் மாட்டியிருந்தால் 'டிக் டிக்' என்று கேட்கும். மெதுவாக உருட்டினால் எண்ணிவிடலாம், ஒரு சுற்றுக்கு ஒன்று. எங்கள் வண்டியின் டயர் 165/80 ஆர்14. அதன் சுற்றளவு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 60 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்கு எட்டரைச் சுற்று சுற்றும். டயரில் ஒரே இடத்தில் கோளாறு என்றால் விநாடிக்கு எட்டரை 'டப்', காதால் பிரித்துக் கேட்கலாம். பேரிங் அப்படியல்ல. உள்ளே ஒரு வரிசையில் பத்துப் பன்னிரண்டு குண்டுகள் இருக்கும். வெளி வளையத்தில் ஒரு குழி விழுந்தாலும் அதே வேகத்தில் விநாடிக்கு நாற்பது முறைக்குப் பக்கமாகக் குண்டுகள் அதில் ஏறி இறங்கும். அவ்வளவு வேகமாக வருகிற தட்டலைக் காது பிரித்துக் கேட்காது, ஒரே ரீங்காரமாகத்தான் எடுத்துக்கொள்ளும். பேரிங் போன வண்டி தட்டாமல் முனகுவது அதனால்தான்.

அடுத்து என்ஜினைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். காலியான நேர் ரோட்டில் சத்தம் நன்றாகக் கேட்கிற வேகத்துக்குப் போய், கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். சாவியை அணைத்துவிடக் கூடாது. பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் கைவிட்டுவிடும், ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளவும் கூடும். என்ஜின் ஐடிலில் ஓடட்டும், வண்டி தானாக உருளட்டும். என்ஜின் வேகம் விழுந்தும் சத்தம் விழவில்லை என்றால் அது பெரும்பாலும் சக்கரங்களின் விவகாரம். எங்களுக்கு அப்படித்தான் இருந்தது.

அப்படியே உருள்கிறபோது ஹேண்ட் பிரேக்கை பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே ஒன்றிரண்டு பல் அளவுக்கு மட்டும் மெல்ல இழுத்துப் பார்க்கலாம். ரோடு காய்ந்திருக்க வேண்டும், பின்னால் வண்டி வரக் கூடாது, வேகம் 30-க்குள் இருக்க வேண்டும். பின் டிரம்முக்குள் ஷூ உரசுகிற 'சர்ர்' சத்தம் என்றால் இதில் உடனே மாறும்: நின்றுவிடும், அல்லது கூடும். பேரிங் இதைக் கண்டுகொள்ளாது. எங்களுக்கு அந்த வேகத்தில் இப்படி உரசுகிற சத்தமே வரவில்லை.

மிச்சம் இரண்டு பேர்: டயர், பேரிங். இந்த இரண்டையும் பிரிப்பதில்தான் பலருடைய காசு போகிறது. எங்கள் அபார்ட்மென்ட்டிலேயே ஒருவர் இரண்டு பின் பேரிங்கையும் மாற்றிவிட்டு, அதே சத்தத்தோடு வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்தார். முன் சக்கரம் இழுக்கிற வண்டிகளில் பின் டயர்களுக்குப் பாரம் குறைவு. வருடக் கணக்கில் இடம் மாற்றாமல் ஓட்டினால் டயரில் ரோட்டைத் தொடுகிற ரப்பர் கட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு ஓரம் தேய்ந்து, மறு ஓரம் கூராக நிற்க ஆரம்பிக்கும். கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்கையை டயர் மேல் ஒரு திசையில் தடவினால் வழுக்கும், எதிர்த்திசையில் தடவினால் ரம்பத்தின் பல்லைப் போல் கையைப் பிடிக்கும். அப்படிப்பட்ட டயர் போடுகிற சத்தம் பேரிங் சத்தத்தை அப்படியே உரித்துவைத்திருக்கும்.

பிரித்தறிய வழி உண்டு. டயர் சத்தம் ரோட்டுக்கு ரோடு மாறும். புதுத் தாரில் அடங்கும், பழைய கான்கிரீட்டில் எகிறும். பேரிங்குக்கு ரோடு பற்றிக் கவலை இல்லை. அதிலும் சந்தேகம் தீரவில்லை என்றால் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். பஞ்சர் கடையில் நூறு இருநூறில் முடியும். சத்தம் முன்னால் வந்துவிட்டால் குற்றவாளி டயர்தான். அந்த அபார்ட்மென்ட் நண்பருக்குக் கடைசியில் இப்படித்தான் தெரிந்தது. கூரான ஓரம் லேசாக இருந்தால், இடம் மாறி ஓடும்போது தானாகவே கொஞ்சம் தேய்ந்து சரியாகும். ரொம்ப முற்றிப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான், இல்லையென்றால் புது டயர். ஒன்று மட்டும்: டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சர்பரையும் பார்த்துவிடுங்கள். செத்துப்போன ஷாக்கை விட்டுவிட்டுப் புது டயர் போட்டால் அதுவும் அதே கதிக்குத்தான் வரும்.

எங்கள் வண்டியின் டயர்கள் எந்தப் பக்கம் தடவினாலும் ஒரே மாதிரி இருந்தன. அப்போ பேரிங். சரி, எந்தப் பக்கம்?

இதற்குச் சென்னையில் நல்ல சோதனைச்சாலை ஒன்று இருக்கிறது, கத்திப்பாரா மேம்பாலம். அதன் வட்ட வளைவுகள் எல்லாமே இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டே போகிறவை. நம் ஊரில் இடது பக்கம் ஓட்டுவதால் க்ளோவர்லீஃப் (நான்கு இதழ் இலை வடிவ) பாலங்களின் உள்வளைவுகள் அப்படித்தான் அமையும். வண்டி இடது பக்கம் திரும்பினால் பாரம் வலது சக்கரங்கள் மேல் சாயும். கெட்டுப்போனது வலது பேரிங் என்றால் சத்தம் கூடும், இடது என்றால் குறையும். சாதாரண ரோட்டு வளைவு கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். கத்திப்பாராவில் ஒரே வேகத்தில் பாரத்தை ஒரே பக்கம் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்கலாம், கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால். ஞாயிறு விடிகாலை போனோம். தம்பி பின்சீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். வளைவில் நுழைந்ததும் "கூடுது" என்றான், நேராக வந்ததும் "குறையுது". வலது பக்கத்துக்கு ஒரு ஓட்டு. இது தீர்ப்பு அல்ல. சில பேரிங்குகள் பாரம் ஏறினால் அமைதியாகி, பாரம் இறங்கினால் கத்துகிற விபரீதமும் நடக்கும். அதனால் ஜாக்கியைப் போட்டு உறுதி செய்ய வேண்டும்.

வண்டியோடு வருகிற கத்தரி ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காரின் அடியில் தலையையோ கையையோ விடாதீர்கள். சமதரை, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல், கியர் ஒன்றில். வண்டியைத் தூக்கியதும் ஸ்டெப்னியைப் படுக்கவைத்து வண்டியின் ஓரத்துக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும். பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். செங்கல் இல்லாமல் அதை இறக்கக் கூடாது என்பது சொல்லாமலே விளங்கும்.

ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, இன்னொரு கையால் உள்பக்கத்தில் இருக்கும் காயில் ஸ்பிரிங்கை லேசாகத் தொட்டுக்கொள்ளுங்கள். இந்த வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மேடவாக்கத்தில் எங்கள் மெக்கானிக் பாய். கெட்ட பேரிங்கின் நடுக்கத்தை ஸ்பிரிங் கையில் கொண்டுவந்து கொடுத்துவிடும். காதுக்குக் கேட்காததுகூட விரல்களுக்குத் தெரியும். இடது சக்கரத்தில் விரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை, ஷூ அங்கங்கே தொடுகிற ஒரு மெல்லிய உரசல் தவிர. வலது பக்கம் மணலை உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பது போன்ற ஒரு 'கரகர' விடாமல் வந்தது. கூடவே இன்னொரு சோதனை: சக்கரத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்துக்கொண்டு உள்ளும் வெளியுமாக ஆட்டிப் பார்ப்பது. எங்களுக்கு ஆட்டம் இல்லை, கரகரப்பு மட்டும்தான். ஆட்டமும் சேர்ந்திருந்தால் அந்த வண்டியை மெக்கானிக் கடைவரை மெதுவாகக் கொண்டுபோவதற்கு மேல் ஓட்டக் கூடாது. சூடேறி இறுகிப்போன பேரிங் சக்கரத்தையே பூட்டிவிடும். முற்றினால் சக்கரமே கழன்று ஓடிவிடுகிற ஆபத்தும் உண்டு.

எதனால் போனது என்பதில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பார்க்கிங்கில் தண்ணீர் சக்கரத்தின் நடுமட்டத்துக்கு மேல் நின்றது. வண்டிக்குள் ஏறவில்லை, என்ஜினுக்கும் போகவில்லை. அதனால் தண்ணீர் வடிந்ததும் பிரேக்கைச் சுத்தம் செய்துகொண்டு எல்லோரும் நிம்மதியாகிவிட்டோம். பேரிங்கின் ரப்பர் சீல் தெறிக்கிற மழைத்தண்ணீரைத் தாங்கும். பத்து வயதைத் தாண்டிய சீல் மணிக்கணக்கில் தண்ணீருக்குள் ஊறுவதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. ஓடிச் சூடான சக்கரத்தை நேராகத் தண்ணீரில் இறக்குவது இன்னும் மோசம். உள்ளே இருக்கும் சூடான காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெள்ளத்தில் ஓட்டிய வண்டி அன்றைக்கே சத்தம் போடாது. கிரீஸ் மெல்லக் கெட்டு, துரு பிடித்து, மாதங்கள் கழித்துத்தான் வாயைத் திறக்கும். அதற்குள் வெள்ளமே நமக்கு மறந்துபோயிருக்கும்.

இனி செலவு. என்ன பேரிங் வேண்டும் என்பது அதன் ஓரத்திலேயே எண்ணாகப் பொறித்திருக்கும். பழசைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதுதான் உத்தமம். சாதாரண ஒற்றை வரிசை பால் பேரிங் என்றால், எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது அதை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும். 6204 என்றால் 20, 6205 என்றால் 25. ஸ்விஃப்ட்டின் பின் சக்கரத்தில் இருப்பது இரண்டு வரிசைக் குண்டுகள் உள்ள, டிரம்முக்குள்ளேயே அழுத்தி உட்காரவைத்த பேரிங். டிரம்மோடு சேர்த்து விற்பதை வாங்கினால் வேலை சுலபம், விலை பல மடங்கு. டிரம் நன்றாக இருக்கும்போது பேரிங்குக்காக டிரம்மைத் தூக்கிப்போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சென்னைக்காரர்களுக்கு ஜி.பி. ரோடு இருக்கிறது, பக்கத்திலேயே பழைய சாமான்களுக்குப் புதுப்பேட்டை. டிரம் தேய்ந்துபோய் மாற்ற வேண்டி வந்தால் புதுப்பேட்டையில் பழைய டிரம் தாராளமாக வாங்கலாம். அதிகபட்ச உள்விட்டம் எவ்வளவு போகலாம் என்பது டிரம்மிலேயே வார்த்திருக்கும், அளந்து பார்த்து வாங்கினால் பயமில்லை. பழைய பேரிங்கை மட்டும் எந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது எங்கே, எந்தத் தண்ணீரில் ஊறியது என்று யாருக்கும் தெரியாது. புதிதிலும் போலிகள் உண்டு. எஸ்கேஎஃப், எஃப்ஏஜி என்ற பெயரில் அச்சு அசலாக டப்பா அடித்து விற்கிறார்கள். எஸ்கேஎஃப் நிறுவனமே போலியைச் சரிபார்க்க ஒரு மொபைல் செயலி வைத்திருக்கிறது. ஜெய்ப்பூரில் செய்கிற நம் ஊர் என்பிசி பேரிங்கும் எனக்குச் சம்மதம்தான். கடைக்காரர் பில் கொடுக்க மறுத்தால் அந்த விலைக் குறைவு எதனால் என்று யோசிக்க வேண்டும். நான் பில்லோடு வாங்கியது 980 ரூபாய். அதோடு புது நட் 70, நடுவில் அடிக்கிற தகர மூடி 50.

ஏபிஎஸ் உள்ள வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பல புது வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே காந்த வளையம் இருக்கும். சென்சார் அதைப் பார்த்துத்தான் சக்கரத்தின் வேகத்தைக் கணக்கிடுகிறது. அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். திருப்பி அழுத்திவிட்டால் டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு அணையவே அணையாது, மறுபடி கழற்ற வேண்டியதுதான். எந்தப் பக்கம் காந்தம் என்று தெரியாவிட்டால் ஒரு ஜெம் கிளிப்பைக் காட்டுங்கள், ஒட்டிக்கொள்ளும். காந்தம் உள்ள பேரிங்கை ஸ்பானர் டப்பாவுக்குள் போட்டுவைக்கவும் கூடாது.

கழற்றுகிற வேலையைப் பாயிடம் விட்டேன். ஓரளவு ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவன்தான் என்றாலும் அந்த நடு நட்டை அவிழ்க்க நீளமான கம்பியும் அதற்கேற்ற உடம்பும் வேண்டும். நட்டின் கழுத்தை, டிரம் மாட்டியிருக்கிற தண்டின் பள்ளத்துக்குள் தட்டி மடக்கியிருப்பார்கள், முதலில் அதை நிமிர்த்த வேண்டும். ஒருமுறை மடக்கியதைத் திரும்பப் போடக் கூடாது. 70 ரூபாய் நட்டில் மிச்சம் பிடிக்கிறவர்களை என்ன சொல்வது! டிரம்மை இழுத்தபோது வெளியே வரவில்லை. உள் விளிம்பில் துரு ஒரு வரம்பாகக் கட்டியிருந்தது. ஷூவைக் கொஞ்சம் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டியதும் வந்தது. வந்ததும் பாய் சிரித்தார். பேரிங்கின் உள் வளையம் இரண்டு பாதிகளாக இருக்கும், அதில் ஒன்று தண்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. "இது பாதிப் பேரு வண்டில இப்படித்தான் சார் நிக்கும். கிரைண்டர் வெச்சா தண்டு காயமாயிடும். புல்லர் போடுறேன், டைம் ஆகும், டீ சாப்பிட்டு வாங்க." நான் டீக்குப் போகவில்லை. தண்டில் கோடு விழுந்திருக்கிறதா, சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. இரண்டும் இல்லை.

டிரம்முக்குள் கிடக்கும் கருப்புத் தூளை ஏர் பிடித்தோ வாயாலோ ஊதக் கூடாது. பழைய ஷூக்களில் கல்நார் இருந்த காலம் உண்டு. ஈரத் துணியால் துடைத்து எடுப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. ஷூவில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது, கிரீஸ் படவில்லை, ஆகவே மாற்றவில்லை. எஸ்டிமேட்டில் ஒரு வரி போயிற்று. ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இல்லை, வண்டியின் பின்பக்கத்தை அமுக்கி விட்டால் ஒரே மூச்சில் நின்றது. இன்னொரு வரியும் போயிற்று.

டிரம்மிலிருந்து பழையதைத் தள்ளிப் புதியதை ஏற்ற லேத் பட்டறைக்குப் போனோம். முழு வேலையிலும் எதிலாவது பிடிவாதம் பிடிக்க வேண்டும் என்றால் இதில் பிடியுங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றுவதாகச் சொல்கிறவரிடம் டிரம்மைக் கொடுக்காதீர்கள். ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிற இடமாகப் பாருங்கள். டிரம்முக்குள் ஏற்றும்போது அழுத்தம் வெளி வளையத்தின் மேல் மட்டும்தான் விழ வேண்டும். உள் வளையத்தைப் பிடித்து அழுத்தினால் அத்தனை விசையும் குண்டுகள் வழியாகப் பாய்ந்து, புது பேரிங்கின் பாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகளைப் போட்டுவிடும். அப்புறம் ஒரு மாதத்தில் அதே ரீங்காரம். "கம்பெனி பேரிங்கே இவ்வளவுதான்" என்று பேரிங்மேல் பழி விழும். பட்டறைக்காரர் பழைய பேரிங்கின் வெளி வளையத்தையே எடுத்து, கொஞ்சம் தேய்த்து, புதிதின் தலையில் வைத்து அழுத்தினார். அளவு கச்சிதம். வீட்டில் நான் ஒரு காரியம் செய்துவைத்திருந்தேன். பேரிங்கைப் பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி முந்தின ராத்திரியே ஃபிரீசரில் வைத்துவிட்டேன். குளிர்ந்தால் உலோகம் இம்மியளவு சுருங்கும், ஏற்றுவது சுலபம். மறுநாள் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனதைப் பார்த்து "மீனா சார்?" என்றான் பட்டறைப் பையன்.

பழைய பேரிங் பிரஸ்ஸில் எவ்வளவு விசைக்கு வெளியே வருகிறது என்பதையும் கவனித்தோம். கட்டைவிரலால் தள்ளியதும் வந்துவிட்டால் டிரம்மின் துளை தேய்ந்துவிட்டது என்று பொருள். சிலர் துளையின் சுவரில் சென்டர் பஞ்சால் வரிசையாகப் புள்ளி குத்திப் பேரிங்கை இறுக்கிக் கொடுப்பார்கள். அது தற்காலிகம்கூட இல்லை. அந்த டிரம் போனதுதான். எங்களுடையது 'டொக்' என்று உடைகிற சத்தத்தோடு அடம்பிடித்து வந்தது. நல்ல சகுனம். உள்ளே பேரிங் நழுவாமல் பிடிக்கிற வளையப் பூட்டைப் போட்டு, அது பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததா என்று ஸ்க்ரூடிரைவரால் சுற்றிப் பார்த்து வாங்கிக்கொண்டேன். பட்டறைக்கு 200.

பழைய பேரிங்கை அங்கேயே வெட்டிப் பார்க்கச் சொன்னேன். பையன் கட்டிங் வீலில் வெளி வளையத்தை இரண்டாகப் பிளந்து கொடுத்தான். கிரீஸ் பழுப்பும் வெள்ளையுமாகக் குழம்பியிருந்தது. தண்ணீர் கலந்தால் வருகிற நிறம் அது. துணியால் துடைத்ததும் பாதை தெரிந்தது. பாதை முழுக்கப் பரவலாகத் துரு இல்லை. வளையத்தின் ஒரு பகுதியில் மட்டும், ஒன்றுக்கொன்று சம இடைவெளி விட்டு, வரிசையாகக் கருந்துரு படிந்த குழிகள். ஒரு குண்டை எடுத்து ஒரு குழியில் வைத்தேன், பக்கத்துக் குண்டைப் பக்கத்துக் குழியில் வைத்தேன். குண்டுக் கூட்டின் இடைவெளியும் குழிகளின் இடைவெளியும் ஒன்றாகவே இருந்தன. ஓடும்போது விழுந்த குழிகளாக இருந்தால் இப்படி அளந்து வைத்தாற்போல் விழாது. வண்டி நகராமல் நின்றபோது, ஒவ்வொரு குண்டும் இருந்த இடத்திலேயே தண்ணீரைத் தன் அடியில் தேக்கி வைத்துக்கொண்டு அரித்த இடங்கள் அவை. பார்க்கிங்கில் தண்ணீர் நின்ற அந்த டிசம்பர்தான் காரணம் என்பதில் அப்புறம் எனக்குச் சந்தேகம் இல்லை.

மாட்டுவதில் சொல்ல அதிகம் இல்லை. தண்டைத் துடைத்து, டிரம்மைத் தட்டாமல் நேராக ஏற்றி, புது நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்து அந்த வண்டியின் மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். இந்த வகைப் பேரிங்கில் உள் வளையத்தின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிப்பது அந்த நட்தான். குறைவாக இறுக்கினால் ஆட்டம் வரும். பழைய வேன்களில் டேப்பர் பேரிங் (குண்டுக்குப் பதில் சாய்வான உருளைகள் உள்ளது) பார்த்துப் பழகிய சிலர் நட்டை இறுக்கிவிட்டுக் கொஞ்சம் பின்னுக்குத் தளர்த்துவார்கள். அந்த வேலை அந்த வகைக்குச் சரி, இங்கே தப்பு. பாயிடம் டார்க் ரெஞ்ச் இருந்தது, பக்கத்து டயர் கடையிலிருந்து கடன் வாங்கியது. கழுத்தைப் பள்ளத்தில் தட்டி மடக்கி, மூடி அடித்து, ஷூவைப் பழைய இறுக்கத்துக்குக் கொண்டுவந்தார். கூலி 500. ஆக மொத்தம் 1,800.

இடது பக்கத்தை என்ன செய்வது என்று பாய் கேட்டார். அதுவும் அதே தண்ணீரில்தான் நின்றது. ஜோடியாக மாற்ற வேண்டும் என்பது ஷாக்குக்கும் ஷூவுக்கும் சரி, ஏனென்றால் ஒரு பக்கம் மட்டும் புதிதாக இருந்தால் வண்டி இழுக்கும். பேரிங்குக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. விரலில் கரகரப்பு தெரியாத பேரிங்கை விட்டுவைத்தேன்.

முதல் நூறு கிலோமீட்டர் ஓடியபின் வண்டியை நிறுத்தி, இரண்டு பின் சக்கரங்களின் நடுவிலும் புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். சூடு இரண்டிலும் ஒரே அளவு. ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங் இறுக்கம் அல்லது ஷூ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இப்போது டயர் இடம் மாற்ற லிஃப்டில் ஏற்றும் ஒவ்வொரு முறையும் கடைக்காரரிடம் ஒரு நிமிடம் கேட்டு, இடது பின் சக்கரத்தைச் சுற்றி ஸ்பிரிங்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை சுத்தம். அது கரகரத்தால் பேரிங்கை எந்தக் கடையில் வாங்குவது, எந்தப் பட்டறையில் அழுத்துவது என்று தெரியும். ஃபிரீசரில் இடம்தான் அம்மாவிடம் கேட்க வேண்டும்.